ஈரப் பந்து

எனக்கு இந்தி நன்றாகவே வரும், சார். தாராவியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வராமல் போனால்தான் ஆச்சரியம். மராத்தியும் கடைக்காரனிடம் சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தைத் தமிழில்தான் சொல்வேன் என்று இன்ஸ்பெக்டரிடம் பிடிவாதமாக நின்றேன். அதனால்தான் மாட்டுங்காவிலிருந்து உங்களை வரவழைத்திருக்கிறார்கள். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும், மகாதேவன் சார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வதை அப்படியே அவருக்கு மராத்தியில் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுக்கிறவனுக்கு நாக்கு அரிக்கும். எனக்கு அது தெரியும்.

என் பெயர் கணேசபாண்டியன். தோல் பட்டறை வைத்திருக்கிறேன். பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்துக்கு மாட்டுகிற வார், இப்படிச் சில்லறை உருப்படிகள். என் அப்பா உப்புப் போட்ட தோலை லாரியிலிருந்து இறக்கித் தலையில் சுமந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் நானும் அவர் பின்னாலேயே சுமந்தேன். பச்சைத்தோலின் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் மறுநாள் உப்புப் படும். உன் மனசு எப்படி இருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சுமையைக் கீழே போட்டிருப்பேன். கேட்காமல் விட்டது நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இசக்கிதுரை என் தங்கை பிச்சம்மாளின் மகன். அவள் களக்காட்டுப் பக்கம் பீடி சுற்றுகிறாள். புருஷன் கல்குவாரி விபத்தில் செத்த பிறகு பையனை வைத்துச் சமாளிக்க முடியாமல், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரயிலேற்றி அனுப்பினாள். போனில், "ஒங்க கையில குடுத்துட்டேன்ண்ணே. அடிச்சாலும் அணைச்சாலும் இனி நீங்கதான்" என்றாள். இதை இன்ஸ்பெக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நானாகப் போய்க் கேட்டு வாங்கிய உரிமை இல்லை அது.

பையனுக்குப் பதினாலு வயது. அந்த வயதுக்கு மீறின உயரம். பேச்சுதான் கிடையாது. செண்பகவல்லி, என் மனைவி, சோறு போட்டுவிட்டு இன்னும் வேணுமா என்றால்கூடத் தட்டைப் பார்ப்பான். ஆனால் காலில் பந்து வந்தால் வேறு ஆள். எங்கள் சந்தில் பையன்களோடு ஆடப் போனவனை அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு டிரஸ்ட் ஏழைப் பையன்களுக்காக புட்பால் டீம் நடத்துகிறது. கோச் ஷ்ரவண் இவனை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். பையனை விட்டுவிடாதீர்கள், குளிர்காலத்தில் ஐரோலியில் ஒரு அகாடமி ஆள் எடுக்கிறது, தங்க இடம், படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அன்றையிலிருந்து ஞாயிறு தவறாமல் நானும் மைதானத்துக்குப் போனேன். பையன்களின் பூட்ஸ் பிய்ந்தால் தைத்துக் கொடுப்பேன். எல்லோரும் அண்ணா, அண்ணா என்று சுற்றி வருவார்கள்.

இசக்கிதுரையிடம் ஒரே ஒரு குறை. பந்து தலைக்கு வரும்போது கண்ணை மூடிவிடுவான். தடுப்பு ஆட்டத்தில் நடுவில் நிற்கிறவன் அவன். கார்னர் அடித்தால் எல்லோருக்கும் மேலே எழும்பத் தோதான உடம்பு. எழும்புவான், ஆனால் கண் மூடியிருக்கும். பந்து உச்சியில் படும், மூக்கில் படும், சில சமயம் படவே படாது. முகேஷ் என்று ஒரு பையன் இருக்கிறான், வாய்க்காரன். "ஏ லம்பு, கண்ணைத் திற, போட்டோ எடுக்கிறாங்க" என்று இந்தியில் கத்துவான். நெட்டையன் என்பதால் லம்பு. டீமே சிரிக்கும். இவனும் அர்த்தம் புரியாமல் சேர்ந்து சிரிப்பான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஷ்ரவண் இதைப் பயம் என்றார், மனசில் இருக்கிறது என்றார். டிரஸ்டில் புதிதாக ஒரு அம்மாவை வைத்திருந்தார்கள், நஸீரா மேடம். விளையாடுகிற பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலையாம். இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டிரஸ்ட் ஆபீசில் அவருக்குத் தனி அறை. ஏசி, தரையில் கம்பளம், உட்காருவதற்கு மெத்தை மெத்தையாகத் திண்டு. அதில் உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவான். நான் முதல்நாளே மர நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கு மைதானத்து இந்தி மட்டும்தான் வந்திருந்தது. பாஸ் கொடு, முன்னே போ, பின்னே வா. தலைக்குள் நடப்பதைச் சொல்ல அந்த இந்தி காணாது. ஒரு தமிழ்க் கல்லூரிப் பெண்ணை மொழிபெயர்க்கக் கூப்பிடலாம் என்று மேடம் சொன்னார். பொம்பளைப் பிள்ளை முன்னால் இவன் வாயே திறக்க மாட்டான், நான் தாய்மாமன் இருக்கிறேனே என்றேன். சொந்தக்காரர் இருப்பது சரியல்ல என்று அவர் தயங்கினார். ஷ்ரவண்தான் எனக்காகப் பேசினார். பூட்ஸ் தைத்துக் கொடுக்கிறவனை நம்பாமல் யாரை நம்புவது.

மேடம் எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தார். அவன் இப்படிச் சொல்கிறான், அப்படிச் சொல்கிறான் என்று நான் பேசக்கூடாது. அவன் நான் என்றால் நானும் நான் என்றே சொல்ல வேண்டும். நடுவில் ஆளே இல்லாதது போல இருக்க வேண்டுமாம். அதில் கொஞ்சநாளில் எனக்குக் கை வந்துவிட்டது. போகப்போக, அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் பேச ஆரம்பித்துவிடுவேன்.

முதல் நாள் அவன் அம்மாவைத் தேடுகிறது என்றான். பட்டறைப் பரண்மேல் படுத்தால் தூக்கம் வரவில்லை, தோல் வாடை அப்பா செத்த அன்றைக்கு இருந்த வாடை மாதிரி இருக்கிறது என்றான். நான் இந்தியில், "ஊரை விட்டு வந்தது கஷ்டம்தான், ஆனால் என் நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தெரியும்" என்றேன். இதில் பொய் என்ன இருக்கிறது? அவன் யோசித்துப் பார்த்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு யோசிக்கத் தெரியாது, நான் யோசித்துச் சொன்னேன்.

பந்து வரும்போது மெதுவாக மூச்சை விடச் சொன்னார் மேடம். இது என் பந்து என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார். அவசரமே இல்லை, கண்ணை மூடினாலும் தப்பில்லை, நாங்கள் யாரும் கோபப்பட மாட்டோம் என்றார். இதை எப்படித் தமிழில் சொல்வது? கண்ணை மூடினாலும் தப்பில்லை என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் ஏன் திறக்கப் போகிறான்? நான் அவனிடம், "ஒழுங்கா கண்ணத் தொறக்காட்டா டீமை விட்டே எடுத்துருவாங்களாம், மேடம் சொல்லுதாங்க" என்றேன்.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது அவன் கேட்டான். "மேடம் எதுக்கு மாமா சிரிச்சிக்கிட்டே இப்படிச் சொல்லுதாங்க?"

"படிச்சவங்க அப்படித்தாம்ல" என்றேன்.

அதற்கப்புறம் அவனுக்கு அந்த அறை என்றாலே நடுக்கம். இன்னொரு நாள் மேடம் தரையில் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினார். சிரிக்கிற முகம், கோபமான முகம், தூங்குகிற முகம். இன்றைக்கு உன் மனசு எந்த முகம் என்று காட்டு என்றார். இதற்குப் பேச்சு தேவையில்லை என்பதால் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். அவன் அழுகிற முகத்தின்மேல் விரலை வைத்தான். மேடம் என்னைப் பார்த்தார். போன வாரம் நம்மிடம் தோற்ற டீமின் கோல்கீப்பர் முகம் இது என்று சொல்கிறான் என்றேன். மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் இவன் என்ன நினைத்தானோ, விரலை எடுத்துக்கொண்டான்.

நான் அவரைப் பழிக்கவில்லை. கெட்ட மனுஷி இல்லை. திண்டில் வளர்ந்தவர்கள் திண்டுதான் போடுவார்கள்.

என் வைத்தியத்தைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் அந்தப் பந்தைத்தானே மேஜைமேல் வைத்திருக்கிறார். இந்தக் காலத்துப் பந்து தண்ணீர் குடிக்காது சார். மழையில் கிடந்தாலும் உதறினால் காய்ந்துவிடும். அதனால் நானே ஒன்று தைத்தேன். பெல்ட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய எருமைத்தோல் துண்டுகள், மெழுகு நூல், இரட்டைத் தையல். உள்ளே பழைய பந்து ஒன்றின் காற்றுப்பை. வேலை சுத்தமாக வந்திருந்தது. முந்தின நாளே வாளித் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் ஒரு கையில் எடுக்க முடியாது, அவ்வளவு கனம் ஏறியிருக்கும். கனமான பந்துக்கு நெற்றி பழகிவிட்டால் லேசான பந்துக்குக் கண் மூடாது. சுமை தூக்கினவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடிந்ததும், வேலையாட்கள் வருமுன், பட்டறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய தோல்கட்டுக்கு முன்னால் அவனை நிறுத்துவேன். நான் எதிரே நின்று எறிவேன். கண்ணைத் திறந்தபடி நெற்றியில் வாங்க வேண்டும். மூடினால் அது சேர்த்தி இல்லை, மறுபடி. முதலில் கையை நீட்டித் தடுத்தான். கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சொன்னாலும் கை தானாக முன்னால் வந்தது. அவன்மேல் தப்பில்லை, கை அப்படித்தான். ஒரு பெல்ட்டை எடுத்துக் கட்டினேன். தடம் விழக்கூடாது என்று துண்டைச் சுற்றித்தான் கட்டினேன். பின்னால் தோல்கட்டு இருப்பதால் தலை பின்னால் போக இடம் கிடையாது. அதையும் யோசித்துத்தான் அங்கே நிறுத்தினேன். வெட்டவெளியில் நின்றால் விழுந்து அடிபட்டுவிடுவான்.

அழுதானா என்று கேட்கிறாரா? ஆரம்பத்தில் அழுதான். அழுதால் கண் திறந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதனால் நான் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை.

மழை ஓய்ந்து தீபாவளி வருவதற்குள் அவன் கண் மூடுவது நின்றுவிட்டது. செம்பூர் மைதானத்தில் கார்னர் வந்தது, எழும்பினான், கண் முழுசாகத் திறந்திருந்தது. பந்து நடு நெற்றியில் பட்டு வலைக்குள் போனது. முகேஷ் ஓடிவந்து இவன் முதுகில் ஏறிக்கொண்டான். ஷ்ரவண் இரண்டு கையையும் தூக்கினார். நான் பூட்ஸ் பையோடு கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். ஷ்ரவண் நேராக நஸீரா மேடத்திடம் போய், பெரிய காரியம் செய்துவிட்டீர்கள் என்று கை கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் டிரஸ்டின் பெரியவர்கள் வந்திருந்தபோதும் அதே பேச்சு. அன்பாகச் சொன்னால் பிள்ளைகள் எப்படி மாறுகிறார்கள் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

கண் சரியான பிறகும் ஏன் எறிந்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். நியாயமான கேள்வி. பதப்படுத்திய தோலையும் எண்ணெய் போடாமல் விட்டால் விறைத்துப்போகும். பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று எறிந்தேன். முன்னைவிடக் கொஞ்சம் பக்கத்தில் நின்று எறிந்தேன் என்பதும் உண்மை. அந்த அம்மா வாங்கிய கைகுலுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படி ஒரு சின்னப் புத்தி எனக்குக் கிடையாது.

அப்புறம்தான் அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். பித்தம் என்று செண்பகவல்லியிடம் சொன்னேன். அவள் சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். ஒரு காலையில் அவள் அடுப்படியிலிருந்தே என்னை மெதுவாகக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க பாருங்க. பிள்ள கஞ்சிய வாய்க்குக் கொண்டு போவாம கன்னத்துக்குக் கொண்டு போறான். எனக்கு என்னமோ போல இருக்கு."

தூக்கக் கலக்கம் என்றேன். வெள்ளனே எழுப்பிவிடுகிறேன் இல்லையா என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பட்டறைக்குள் அவள் வரக்கூடாது என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

டிரஸ்டில் ஒரு விதி உண்டு. தலையில் அடி, தலைவலி, மயக்கம் என்று தெரிந்தால் டாக்டர் சரி என்று சொல்கிறவரை பையனை இறக்க மாட்டார்கள். ஐரோலித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் டாக்டர், ஸ்கேன் என்று போனால் என்ன ஆகும்? பையன் பெஞ்சில் உட்காருவான். அவன் இடத்தில் வேறு யாராவது போவான். இவன் என் பட்டறையில் தோல் தூக்குவான். அதிலிருந்து அவனைத் தப்பிக்க வைக்கத்தானே நான் இவ்வளவும் செய்தது?

அந்தச் சமயத்தில் ஒருநாள் திண்டில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னான், "பந்து ரெண்டா வருது மாமா. எதுக்குத் தலயக் குடுக்கணும்னு தெரியல."

நான் மேடத்திடம், "களத்தில் சட்டென்று முடிவெடுக்கத் தடுமாறுகிறேன்" என்றேன். மேடம் அதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். பையன் தன்னைத்தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டான் என்றார். இரண்டு வழி தெரிந்தால் ஒன்றை நம்பித் தேர்ந்தெடு, தேர்ந்த பிறகு சந்தேகப்படாதே என்று சொல்லச் சொன்னார். நான் திரும்பி, "ரெண்டுக்கும் நடுவுல தலயக் குடுக்கணுமாம்" என்றேன். அவன் தலையாட்டினான். அப்படியே செய்தான். பெரும்பாலும் பந்து சரியாகத்தான் பட்டது. ஆக, நான் சொன்னதில் தப்பில்லை.

இன்னொரு நாளை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்று பெயர் வேண்டாம். அன்றைக்கு அவன் உட்கார்ந்ததிலிருந்தே மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாகத் தரையைப் பார்ப்பவன். அவர் ஏதோ தூக்கம் பற்றிக் கேட்டார். நான் கேள்வியை மாற்றிச் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், மெல்லப் பேசினான்.

"மேடத்துகிட்ட சொல்லுங்க மாமா. மாமா அடிக்காவன்னு சொல்லுங்க. பந்தால தலையில அடிக்காவ, கையைக் கட்டிப்போட்டு அடிக்காவன்னு சொல்லுங்க."

அவனுக்கு வேறு வழியில்லை, பாருங்கள். அந்த அறையில் அவன் பேச்சு தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என்னைப் பற்றி என்னிடமேதான் சொல்லியாக வேண்டும். அதுவும் மரியாதை குறையாமல், அடிக்காவ என்றுதான் சொன்னான். பிச்சம்மாள் வளர்ப்பு. எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு துணிச்சல் இவனுக்கு எங்கிருந்து வந்தது? என் வைத்தியத்தில் வந்ததுதான்.

மேடம் காத்திருந்தார். நான் சொன்னேன். "மாமாதான் எனக்கு எல்லாம். காலையில் எழுப்பி அவரே பயிற்சி கொடுக்கிறார். அவர் இல்லாவிட்டால் நான் இல்லை."

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றார். பிறகு இசக்கிதுரையின் கையைப் பிடித்து லேசாக அழுத்தினார். அவர் புரிந்துகொண்டார் என்று அவன் நினைத்துவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நாள் விடிகாலையில் நான் எழுப்பியபோது நம்பாமல் பார்த்தான். மேடத்துக்கு எல்லாம் தெரியும், தொடர்ந்து செய்யச் சொல்லிவிட்டார் என்றேன். அதற்கப்புறம் அவன் அடம்பிடிக்கவில்லை. பெல்ட்டே தேவைப்படவில்லை, கையைத் தானே பின்னால் கட்டிக்கொண்டான்.

மேடத்துக்கு எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தடவை போனபோது தன் போனைப் பார்த்துப் படித்துவைத்த தமிழில் அவரே கேட்டார், "தலை வலிக்குதா?" உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் புரிந்தது.  ஆனால் அன்றைக்குப் பஸ்சில் வரும்போதே நான் அவனிடம் சொல்லியிருந்தேன், வலிக்குன்னு சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க, உங்க அம்மை உன்னையும் சேர்த்துச் சுமப்பாளா என்று. அவன் என்னைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். "இல்ல" என்றான்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை சார். அவர் கேட்டார், அவன் சொன்னான். நான் வாயே திறக்கவில்லை. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டரிடம்.

ஐரோலியில் தேர்வு நடந்த அன்று நல்ல வெயில். தேர்வு செய்கிறவர்கள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நம் பையன்கள் ஒரு பக்கம், நவி மும்பைப் பையன்கள் ஒரு பக்கம். முதல் பாதி முடியப்போகிற நேரம் ஒரு கார்னர். இசக்கிதுரை எழும்பினான். எதிர் டீம் பையனும் எழும்பினான். பந்தும் அந்தப் பையன் தலையும் சேர்ந்து இவன் நெற்றியில் மோதின. கண் திறந்துதான் இருந்தது. பந்து கோலுக்குள் போனது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவன் மட்டும் அங்கேயே நின்றான். பிறகு யாரோ நாற்காலி போட்டது போல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

நஸீரா மேடம்தான் முதலில் ஓடினார், பின்னால் ஷ்ரவண், அப்புறம் நான். மேடம் அவன் முகத்தைக் கையில் ஏந்தி இந்தியில் ஏதேதோ கேட்டார். அவன் என் குரலைக் கேட்டுத்தான் திரும்பினான். பார்த்துத் திரும்பவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

"வெளிச்சம் போயிட்டு மாமா" என்றான். "ஒண்ணுமே தெரியல."

என்ன சொல்கிறான் என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். பந்தலில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில்தான் எல்லாம் இருந்தது. இடைவேளைக்குப் பிறகும் ஆடினால் பையன் உள்ளே. வெளியே உட்கார்ந்தால் போச்சு.

"சூரியன் கண்ணில் அடித்துவிட்டது" என்றேன். "ஒன்றுமில்லை. நான் ஆடுவேன்."

நான் ஆடுவேன் என்றுதான் சொன்னேன், மேடத்தின் விதிப்படி. ஷ்ரவண் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நான் அவன் தோளைப் பிடித்து எழுப்புவது போலக் குனிந்து இரண்டு என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் இரண்டு என்றான். எழுந்து நின்றான். இடைவேளையில் தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில் கொட்டியது. கொஞ்சம் பார்வை வந்துவிட்டது என்றான். அப்படியானால் சரி என்றேன். மேடம் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடவேண்டாம் என்று அவர் ஷ்ரவணிடம் சொல்ல ஆரம்பித்தபோது, இவனை உட்காரவைத்தால் மனசு உடைந்துவிடும் மேடம், நீங்கள்தானே மனசு முக்கியம் என்பீர்கள் என்றேன்.  அவரைப் பேச்சில் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் பாதியில் வந்தது சாதாரணப் பந்து. உயரமாகக்கூட வரவில்லை. அவன் ஓடிப்போய்த் தலையைக் கொடுத்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. முகேஷ்தான் பக்கத்தில் உட்கார்ந்து லம்பு, லம்பு என்று கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். ஏற்கெனவே பழைய கசிவும் இருக்கிறது, பல நாளாக நடந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். உயிர் இருக்கிறது. இடது கையும் காலும் வரவில்லை. மேடம் ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்து, அன்றைக்கு அவன் என்ன சொன்னான், ஒவ்வொரு நாளும் அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். படித்தவர் நடந்துகொள்கிற விதமா அது?  போலீசுக்குப் போனது அவர்தான், தெரியும்.

ஆமாம், நான்தான் எறிந்தேன். நான்தான் மாற்றிச் சொன்னேன். வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கொல்ல நினைக்கிறவன் பந்துக்கு இரட்டைத் தையல் போடுவானா?

செண்பகவல்லி இன்ஸ்பெக்டரிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவள் அவள்தான். பையனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு குழறுகிறது, டாக்டருக்கும் புரியவில்லை, நர்சுக்கும் புரியவில்லை. மாமாவைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்டபோது, "மாமா வேண்டாம்" என்று சொன்னானாம். அதை இரண்டு தடவை சொன்னானாம். அதை வைத்துக்கொண்டு என்னை அந்த வார்டுப் பக்கமே விடக்கூடாது என்கிறாள்.

அவளுக்கு அவன் பேச்சு எப்போது புரிந்தது சார்? மாமா கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல வந்திருப்பான். நாக்கு வராததால் நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். இன்ஸ்பெக்டரிடம் சொல்லி என்னை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். விலங்கு போட்டே கூட்டிப்போகட்டும். பையன் வாயைத் திறந்தால் போதும். அவன் என்ன சொல்கிறான் என்று நான் உங்களுக்குச் சொல்லிவிடுவேன்.